பெட்டி போதும்

ஜூலை 2

டீச்சருக்கு,

நீ வீட்டை விட்டுப் போய், ரயிலில் ஒரு பகல் தள்ளியிருக்கிற பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்துவிட்டாய். நீ எழுதிய ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பாடப் பெட்டி, நீ பக்கத்தில் இல்லாமலே நம் அச்சகத்தில் அச்சாகி லாரி ஏறிவிட்டது. நடந்தது இந்த இரண்டும்தான். மற்றதெல்லாம் நாம் இரண்டு பேரும் அதன்மேல் ஏற்றிய வட்டி.

போனை எடுக்க மாட்டாயாம். "அவர் போன்ல பேசினா வியாபாரம் பேசுவார், நானும் தலையாட்டிடுவேன். எழுதச் சொல்லுங்க அண்ணி" என்று என் அக்காவிடம் சொல்லியிருக்கிறாய். ரசீதைத் தவிர வேறெதையும் எழுதிப் பழக்கமில்லாதவன் நான். சரி, வாங்குகிறவர் கேட்கிற அளவில்தான் வெட்டிக் கொடுக்க வேண்டும்.

முதலில் அந்த போஸ்டர். "கணக்கு வாத்தியார் வேண்டாம், பெட்டி போதும்." நான்தான் எழுதினேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் யாருக்காக எழுதினேன் என்று பார். நம்மிடம் வாங்குகிற பள்ளிகளில் பாதியில் கணக்குக்கு ஆளே கிடையாது. சரித்திரம் எடுக்கிற அம்மாவும் டிரில் மாஸ்டரும்தான் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு தடுமாறுகிறார்கள். நாற்பது பாடம், பாடத்துக்கு ஒரு ஒர்க்‌ஷீட், டீச்சர் என்ன பேச வேண்டும் என்று வரிக்கு வரி சொல்லித்தரும் கையேடு, எல்லாம் ஒரே பெட்டியில். அவர்களுக்கு அது தைரியம். "கணக்கு டீச்சர் இருந்தால் நல்லது, இல்லாத நேரத்துக்கு இது" என்று போஸ்டர் அடித்தால் எவன் வாங்குவான்?

இன்னொன்று. நீ முடித்து வைத்துவிட்டுப் போன ஒர்க்‌ஷீட்களைப் புரூஃப் பார்க்க ஒரு பெரியவரைப் பிடித்தேன். பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். சம்பளம் பேசாமல், பிடிக்கிற தப்புக்கு ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசிவிட்டேன். அப்போதுதானே தூங்காமல் பார்ப்பார்? மனுஷன் விளாசித் தள்ளிவிட்டார். உன் எழுத்தில் இத்தனை தப்பா என்று எனக்கே ஆச்சரியம். எல்லாம் திருத்தியாயிற்று, கவலைப்படாதே.

சாப்பாட்டு மேசையில் உன் பக்கம் பென்சில் சீவல் அப்படியே கிடக்கிறது. துடைக்கவில்லை. சோம்பல்தான், வேறொன்றுமில்லை.

கடைக்காரன்

•

ஜூலை 13

முதலாளி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நலமாக இருக்கிறேன். மாடியில் ஒரே அறை, கீழே தையல் கடை. மிஷின் ஓடினால் என் மேசையும் கூடவே நடுங்கும். பரீட்சைத் தாளில் போடுகிற டிக் எல்லாம் அலை அலையாக விழுகிறது.

ஒன்பதாம் வகுப்புப் பெட்டி லாரியில் வந்த வாரம் தலைமையாசிரியை அலமாரியைத் திறந்து ஒரு பெட்டியை என் கையில் கொடுத்தார். "இதுல எல்லாமே இருக்கு டீச்சர். நீங்க யோசிக்கவே வேண்டாம், பார்த்துப் படிச்சா போதும்." நீலப் பெட்டி. மூலையில் நம் கடை முத்திரை. எழுதியவள் பேர் எங்கேயும் இல்லை, அதனால் நானும் சொல்லிக்கொள்ளவில்லை. மறுநாள் வகுப்பில் "இப்போது போர்டுப் பக்கம் திரும்பவும்" என்று இருந்தது, திரும்பினேன். "பிள்ளைகள் யோசிக்கட்டும், காத்திருக்கவும்" என்று இருந்தது, காத்திருந்தேன். நம் வீட்டு மேசையில் உட்கார்ந்து யாரோ ஒருத்திக்கு என்று எழுதியவை. அந்த யாரோ நானாகவே இருப்பேன் என்று அப்போது தோன்றவில்லை.

நீங்கள் போஸ்டர் எழுதியதற்காக நான் போகவில்லை. அதை ஒட்டிய அன்று கடைவாசலில் நின்று படித்துக்கொண்டிருந்தேன். லாரி டிரைவர், "அப்ப உங்களுக்கு வேலை போச்சாம்மா?" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். நான் திரும்பி உங்களைப் பார்த்தேன். அதற்குப் பிறகும் சிரித்தீர்கள்.

ஒர்க்‌ஷீட்களில் தப்புகள் இருந்திருக்கலாம். ஒப்புக்கொண்ட வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் ரயிலேறினேன். ஆனால் அந்தக் கடைசி நாட்களில் எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன். ஏழு, எட்டு, இப்போது ஒன்பது என்று மூன்று வகுப்புக்குப் பெட்டி விற்கிறீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு பாடமாவது படித்ததுண்டா?

கணக்கு டீச்சர்

•

ஜூலை 23

டீச்சருக்கு,

படித்ததில்லை. செருப்புக் கடைக்காரன் எல்லாச் செருப்பையும் போட்டு நடந்தா பார்க்கிறான்?

கணக்கில் கோட்டை விட்டுத்தான் நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டேன். உனக்குத் தெரிந்ததுதான். லாப நஷ்டம் எனக்கு விரல் நுனியில் வரும். அதையே அச்சில் "ஒரு வியாபாரி" என்று ஆரம்பித்தால் புத்தகத்தை மூடிவிடுவேன். ஆனாலும் நீ கேட்டுவிட்டாயே என்று நேற்று மதியம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒரு பெட்டியைப் பிரித்தேன். ஏழாம் பாடம் கையில் வந்தது.

"ஒரு வியாபாரி ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்கிறார். ஐந்தரைக்குக் கடையைப் பூட்டுகிறார். வீடு பதினைந்து கிலோமீட்டர் தூரம். மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்கூட்டர் ஓட்டுகிறார். வழியில் மூன்று பேரைப் பார்த்து, நின்று, ஆளுக்கு இருபது நிமிடம் பேசுகிறார். எத்தனை மணிக்கு வீடு வந்து சேர்வார்?"

பென்சிலை எடுத்துக் கணக்கைப் போட்டேன். பதினைந்து கிலோமீட்டருக்கு அரை மணி. ஐந்தரையோடு அரை, ஆறு. வந்துவிட்டதே என்று கையேட்டைத் திருப்பினால், "விடை: ஏழு மணி. ஆறு என்று எழுதும் பிள்ளைகள் கணக்குப் போடவில்லை, வியாபாரி சொன்னதை நம்பிவிட்டார்கள். அவர்களைத் திட்ட வேண்டாம்" என்று போட்டிருக்கிறாய்.

அக்கா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். காட்டினேன். "ஊர்ல இருக்கிற பிள்ளைங்க எல்லாம் உன்னைத்தான்டா கணக்குப் போட்டுட்டு இருக்கு" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்து, "அவளைக் கூட்டிட்டு வராம இங்க உட்கார்ந்து பெட்டி கட்டிட்டு இருக்கே பாரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்கப்புறம் கீழே வைக்க முடியவில்லை. ஒரு கணக்கில் சுவரில் சாய்ந்து நிற்கிற ஏணி நம் பேப்பர் கிடங்கு ஏணி, கீழ்ப்படி இல்லாதது வரைக்கும் வந்திருக்கிறது. ஒரு குழாய் நிரப்ப இன்னொரு குழாய் ஒழுகுகிற தொட்டி, நான் பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று சொல்லிப் பார்க்காமல் விட்ட தொட்டி. அதற்கு இப்போது ஆள் வைத்து வாஷர் மாற்றிவிட்டேன். உன் கணக்குக்கு இனி விடை வேறு.

டிரைவர் சொன்னதற்குச் சிரித்தேன், உண்மைதான். கடைவாசலில் எவன் எதைச் சொன்னாலும் சிரித்துச் சிரித்தே பிழைத்து வந்தவன். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று எனக்கு யாரும் கையேடு எழுதித் தரவில்லை.

இப்போதெல்லாம் ஆறு மணிக்கு வீட்டில் இருக்கிறேன். பார்க்கத்தான் ஆள் இல்லை.

கடைக்காரன்

•

ஆகஸ்ட் 4

முதலாளிக்கு,

நீங்கள் ஆறு என்று எழுதியதில் எனக்கு ஆச்சரியமில்லை. நானும் பல வருஷம் ஆறு என்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன்.

உங்கள் கடிதத்தை மூன்று நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். வாஷரைப் பற்றி நிறைய எழுத வேண்டும் என்றுதான் இருந்தேன். இன்று வகுப்பில் நடந்தது அதைக் கெடுத்துவிட்டது.

ஒவ்வொரு ஒர்க்‌ஷீட்டின் கடைசியிலும் "எங்கே தப்பு?" என்று ஒரு கட்டம் வைப்பேன். யாரோ ஒரு பிள்ளை தப்பாகப் போட்ட கணக்கு அதில் இருக்கும். வகுப்பு முழுக்கச் சேர்ந்து அந்தத் தப்பைத் தேடும். அடுத்தவன் தப்பைப் பொறுமையாகத் தேடிப் பழகிய பிள்ளைக்குத் தன் தப்பைப் பார்த்துப் பயம் வராது. என் பாடமே அந்தக் கட்டம்தான், மீதியெல்லாம் அதற்குப் போகிற வழி.

பதினொன்றாம் பாடத்தில் நான் எழுதியது இது:

(3 + 4)² = 9 + 16 = 25. எங்கே தப்பு?

முதலில் கூட்ட வேண்டும், ஏழு. பிறகு ஏழை ஏழால் பெருக்க வேண்டும், நாற்பத்தொன்பது. கூட்டாமலே தனித்தனியாகப் பெருக்கினால் இருபத்தைந்து வரும். எல்லாப் பிள்ளைகளும் விழுகிற குழி அது.

என் எழுத்துதானே என்று தாளைப் பார்க்காமலே வகுப்பில் கொடுத்தேன். "தப்பு எங்கன்னு கண்டுபிடிங்க" என்றேன். தேடினார்கள். "அச்சு கோணலா இருக்கு டீச்சர்" என்றான் ஒருவன். வகுப்பு சிரித்தது. ரொம்ப நேரம் கழித்து முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "ஒன்பதும் பதினாறும் கூட்டினா இருபத்தஞ்சு வரணும் டீச்சர். இவங்க நாப்பத்தொன்பதுன்னு தப்பா போட்டிருக்காங்க" என்றாள். எல்லாரும் ஆமா ஆமா என்றார்கள். அப்போதுதான் தாளைப் பார்த்தேன்.

(3 + 4)² = 7² = 49. எங்கே தப்பு?

கடைசி பெஞ்சில் ஒருத்தி தலையைக் குனிந்தபடி, "இதுல தப்பே இல்ல டீச்சர்" என்றாள். இவ்வளவு நேரம் ஏன் பேசாமல் இருந்தாய் என்று கேட்டேன். "தப்பு இருக்குன்னு பேப்பர்ல போட்டிருக்கே டீச்சர்" என்றாள்.

உங்கள் பெரியவர் பிடித்த தப்புகள் எவை என்று இப்போது புரிகிறதா? மாலையில் பெட்டியைக் கொட்டிப் பார்த்தேன். நாற்பதையும் திருத்தியிருக்கிறார். ஒன்றைக்கூட விடவில்லை.

நான் தாளைத் திரும்ப வாங்கி, போர்டில் சரியாக எழுதி, மறுபடி நடத்திவிட்டேன். இது டீச்சர் இருக்கிற வகுப்பு. பெட்டி மட்டும் இருக்கிற வகுப்பில் என்ன நடந்திருக்கும்?

கணக்கு டீச்சர்

•

ஆகஸ்ட் 12

டீச்சருக்கு,

தப்பைச் சரி செய்ததற்குத் திட்டு வாங்குகிற முதல் அச்சகத்துக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

பெரியவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "தப்பு எங்கேன்னு தாள்லயே கேட்டிருந்தது. கண்டுபிடிச்சேன், திருத்தினேன். வேறென்ன செய்யணும்?" என்கிறார். அவரை என்ன சொல்வது? ஒரு தப்புக்கு இவ்வளவு என்று பேசிய வாய் என்னுடையது.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பள்ளியில் இருந்துகூடப் புகார் வரவில்லை. ஒருத்தரும் பெட்டியைத் திருப்பி அனுப்பவில்லை. நீயாகப் பெரிதாக்குகிறாய். இதற்கு முன்னால் இரண்டு பெட்டிக்கும் புரூஃப் பார்த்தது யார்? நீ. இந்த முறை பார்க்க வேண்டிய நீ ரயிலில் இருந்தாய். கையில் ஒரு சூட்கேஸோடு படியிறங்கினாயே, ஒரு வார்த்தை, "கடைசிக் கட்டத்தைத் தொடாதீங்க" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். வேறு எதையாவது சொல்லியிருந்தாலும் போதும், நான் வழியை மறித்திருப்பேன்.

கடைக்காரன்

•

ஆகஸ்ட் 19

நீங்கள் மறிப்பீர்கள் என்று மூன்று படி மெதுவாகத்தான் இறங்கினேன்.

புகார் வரவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பெட்டி மட்டும் இருக்கிற ஒரு வகுப்புக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். பதினொன்றாம் பாடம். பார்த்துவிட்டு எழுதுங்கள். அதுவரை எழுத வேண்டாம்.

•

செப்டம்பர் 1

டீச்சருக்கு,

போனேன். பெட்டி எப்படிப் போகிறது என்று பார்க்க வந்தேன் என்று சொன்னதும் உள்ளே விட்டுவிட்டார்கள். டிரில் மாஸ்டர்தான் கணக்கு எடுக்கிறார். கழுத்தில் விசில், கையில் உன் கையேடு. நல்ல மனுஷன், ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படிக்கிறார். பெஞ்சுக்கு அடியில் என் முழங்கால் நுழையவில்லை. பக்கத்துப் பையன் நகர்ந்து இடம் கொடுத்து, எனக்கும் ஒரு தாளைத் தந்தான்.

எங்கே தப்பு என்று கேட்டார் மாஸ்டர். பிள்ளைகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அவர் கையேட்டைப் பார்த்தார், சரியான விடை நாற்பத்தொன்பது என்று இருந்தது. தாளைப் பார்த்தார், அதிலும் நாற்பத்தொன்பது. மறுபடி கையேட்டைப் பார்த்து, "பிள்ளைகள் தப்பைச் சொல்லும்வரை காத்திருக்கவும்னு போட்டிருக்கு. காத்திருப்போம்" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

காத்திருந்தோம். மணி அடிக்கிற வரைக்கும். தூக்கின கைகள் எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கியதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். பிறகு ரப்பர் சத்தம் கேட்டது. நாற்பத்தொன்பது என்று எழுதியிருந்த பிள்ளைகள் அழிக்கிறார்கள். பக்கத்துப் பையனும் அழித்தான்.

டீச்சர், நானும் அந்தக் கணக்கைப் போட்டேன். மூன்றும் நான்கும் ஏழு, ஏழேழு நாற்பத்தொன்பது. எனக்கு முதல் தடவையே சரியாக வந்தது. வந்ததை நான் நம்பவில்லை. நமக்கு எங்கே கணக்கு வரப்போகிறது என்று பையனிடம் ரப்பரை வாங்கி அழித்துவிட்டு இருபத்தைந்து என்று எழுதினேன். ஒன்பதாவதில் நான் இப்படித்தான் அழித்துக்கொண்டே இருந்தேன். அப்போது எனக்கு முன்னால் யார் நின்றார் என்றுகூட ஞாபகமில்லை. நீ நின்றிருந்தால் அழித்திருக்க மாட்டேன்.

வாசலில் மாஸ்டர் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், பெட்டி உங்களோடதுதானே. தப்பு எங்க சார் இருக்கு?" புதுத் தாள் அனுப்புகிறேன் என்றேன். "புகார்னு நினைச்சுக்காதீங்க சார். பெட்டி இல்லாட்டி எனக்கு அந்த வகுப்புக்குள்ள போகவே கால் வராது" என்றார். அவரையும் நினைத்துக்கொள். அவருக்கும் நாம் வேண்டும்.

கடைக்கு வந்ததும் போஸ்டரைக் கிழித்தேன். பசை கெட்டியாக இருந்தது, "போதும்" மட்டும் இன்னும் சுவரில் நிற்கிறது. நாளைக்குச் சுரண்ட வேண்டும்.

இனி விஷயம். நாற்பது கட்டத்தையும் மறுபடி அச்சடித்து, பெட்டி போன எல்லாப் பள்ளிக்கும் என் செலவிலேயே அனுப்பப் போகிறேன். அதை எழுத நீ வேண்டும். உன் விலையைச் சொல். பேரம் பேச மாட்டேன். இந்த வார்த்தையை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மேசையில் சீவலைத் துடைக்காதது சோம்பலால் இல்லை.

கடைக்காரன்

•

செப்டம்பர் 9

என்னங்க,

இன்று பூராவும் தையல் கடை விடுமுறை. மேசை ஆடாமல் நிற்கிறது. அதனால் என் எழுத்து இவ்வளவு நேராக இருக்கிறது, மனசு நேராகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம்.

நாற்பத்தொன்பது சரி. உங்கள் தாளில் நானே ஒரு டிக் போட வேண்டும்.

கட்டங்களை எழுத ஆரம்பித்துவிட்டேன். இந்த முறை தப்புகளை நான் யோசிக்கவில்லை, வகுப்பில் கேட்டேன். "உங்க தப்பு எதையாவது ஊருக்கெல்லாம் அனுப்பலாமா?" என்றதும் ஒரே போட்டி. கடைசி பெஞ்சுக்காரி மட்டும் நான்கு தந்திருக்கிறாள். நான் எழுதியதைவிட எல்லாமே அழகான தப்புகள். ஒவ்வொன்றுக்கும் கீழே "இந்தத் தப்பு வேண்டுமென்றே வைக்கப்பட்டது, திருத்த வேண்டாம்" என்று போடப் போகிறேன். உங்கள் பெரியவருக்காக.

விலை சொல்லச் சொன்னீர்கள். பெட்டியில் என் பேர் வர வேண்டும். முதல் கடிதத்தில் நீங்கள் கிண்டலாக எழுதினீர்களே, "கணக்கு டீச்சர் இருந்தால் நல்லது, இல்லாத நேரத்துக்கு இது" என்று, அதையே போஸ்டராக அடிக்க வேண்டும். எவன் வாங்குவான் என்று பார்ப்போம். பெட்டி வாங்குகிற பள்ளியில் யார் வகுப்பெடுக்கப் போகிறாரோ அவர் ஒரு நாள் என்னோடு உட்கார வேண்டும். முதலில் அந்த டிரில் மாஸ்டர் வரட்டும்.

உடனே வந்துவிடுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். இந்தப் பிள்ளைகளின் பரீட்சை முடியும்வரை நான் இங்கேதான். பாதியில் போனால் என் நாற்காலியில் மறுபடி பெட்டியைத்தான் உட்கார வைப்பார்கள்.

தாள்களைத் தபாலில் அனுப்ப மாட்டேன். பத்துப் பத்தாகத்தான் தருவேன், நீங்கள் நேரில் வந்து வாங்கிப் போக வேண்டும். காலை வண்டியில் ஏறினால் மாலை ஐந்தரைக்கு இங்கே இறங்கலாம். ஸ்டேஷனில் இருந்து அரை மணி நடை. அறையில் இரண்டு நாற்காலி இருக்கிறது. வந்த வாரமே வாங்கினேன். ஒருத்திக்கு எதற்கு இரண்டு என்று கடைக்காரர் கேட்டார், ஜோடியாக வாங்கினால் மலிவு என்று சொல்லிவிட்டேன். மலிவெல்லாம் இல்லை.

உங்கள் டீச்சர்

•

செப்டம்பர் 15

டீச்சருக்கு,

எல்லாம் சம்மதம். உன் பேர் பெட்டியின் மேல்பக்கத்தில், முத்திரையைவிடப் பெரிதாக. போஸ்டர் நீ சொன்னபடியே அடித்தாயிற்று. லாரி டிரைவர் படித்துவிட்டு, "இதைப் பார்த்துட்டு யாருண்ணே பெட்டி வாங்குவாங்க?" என்றான். நான் சிரிக்கவில்லை. அவன்தான் பயந்துபோய் லாரிப் பக்கம் ஒதுங்கினான். டிரில் மாஸ்டரிடம் சொன்னேன், விசிலைக் கழற்றி வைத்துவிட்டு வரலாமா என்று கேட்டார்.

பரீட்சை முடியும்வரை நீ அங்கே. அதற்கும் சம்மதம், கசக்கத்தான் செய்கிறது.

சனிக்கிழமை வருகிறேன். வண்டி ஐந்தரைக்கு, நடை அரை மணி, வழியில் எவனோடும் பேச்சு கிடையாது. விடை ஆறு. இந்த முறை கணக்குப் போட்டுத்தான் எழுதுகிறேன்.

நீ கேட்ட விலையையும் போட்டுப் பார்த்தேன். பத்துத் தாளுக்கு ஒரு தடவை நான் வந்து போக வேண்டும். நாற்பதுக்கு நாலே தடவை. எனக்குக் கட்டுப்படியாகவில்லை. அதனால் பத்தாம் வகுப்புப் பெட்டிக்கும் இப்போதே உன்னிடம் ஆர்டர் வைக்கிறேன். அதுவும் நாற்பது பாடம், அதே விலை, ஆனால் ஐந்து ஐந்தாகக் கொடு.

உன் கடைக்காரன்